கையில் கேட்டது

அரசு மரப்பட்டறைத் தச்சருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அந்தத் தகுதியில்தான் வேலையே கிடைத்தது. தகுதி கெடாமல் இருக்கிறதா என்று அரசாங்கம் அவ்வப்போது கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளும். செவிடு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருக்கலாம் அல்லவா?

வீட்டில் அவரைக் கூப்பிட மனைவி மேசையைத் தட்டுவார். அதிர்வு கைக்கு எட்டியதும் திரும்பிப் பார்ப்பார். கோபத் தட்டல் எது, கொஞ்சல் தட்டல் எது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சோதனை அறையில் அதிகாரி அவர் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார், விசில் ஊதினார். தச்சர் மேசைமேல் கை வைத்தபடி சுவரையே பார்த்திருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து, டீ இன்னும் வரவில்லையே என்ற கடுப்பில் அதிகாரி மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தச்சர் சட்டென்று திரும்பி, கூப்பிட்டீர்களா என்பதுபோல் பணிவாகத் தலையசைத்தார்.

"பாத்தியாம்மா! உன் புருஷனுக்கு நல்லாவே காது கேக்குது!"

துணைக்கு வந்திருந்த மனைவி பதறினார். "ஐயோ சார், அது காதுல கேக்கலை. மேசை அதிர்ந்தது கையில தெரிஞ்சிருக்கு."

"காதுல கேட்டா என்ன, கையில கேட்டா என்ன? கேட்டது கேட்டதுதானே?"

காது கேளாதவர் என்ற சான்றிதழ் ரத்தானது, அதோடு வேலையும் போனது. ஆட்சேபம் இருந்தால் தொலைபேசியில் சொல்லலாமாம். மனைவி பேசினால் செல்லாதாம், தச்சரேதான் பேச வேண்டுமாம். காதுதான் கேட்கிறதே!