பொரி மடித்த காகிதம்

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் உண்டு. முன்பெல்லாம் காகிதத்தைக் கையில் கொண்டுவருவார்கள். இப்போது கடை வாசலில் நின்றுகொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆதார், மார்க் ஷீட், விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை முடிவு. யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். கண் கேட்காது.

ஒரு தீபாவளி லீவில் எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் பூட்டை உடைத்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்ப்யூட்டருக்காக அந்தக் கடைக்காரர் அழவில்லை. ஊர் ஆதார் பூரா அதற்குள் இருக்கிறதே, யார் யார் வந்து கேட்பார்களோ என்றுதான் அழுதார். அதைப் பார்த்ததும் எனக்கு என் கடை ஞாபகம் வந்தது. என் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என் கடை போன் நம்பர். அந்த நம்பர் கடை போர்டிலேயே பெரிய எழுத்தில் இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. முந்தின நாள் மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன். வாட்ஸ்அப், ஸ்கேன் செய்தவை, பழைய மெயில், டைப் அடித்து வைத்தவை, போனில் இருந்த வாடிக்கையாளர் நம்பர்கள், ஒன்று விடாமல் அழித்தேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். கடையைக் கழுவித் துடைப்பதோடு இதுவும் ஒரு துடைப்புதானே என்று எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்ததில் ஒரு பெண்ணுக்கும் பங்கு உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னால் அவளை என் கடை மாடியில் இருக்கும் வக்கீலம்மா அனுப்பியிருந்தார். வாடகை ஒப்பந்தம் டைப் அடிக்க வேண்டும். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் சொன்ன ஒரு ஷரத்தை நான் அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் அடித்ததில்லை. அவள் அங்கே குடியிருப்பதை வீட்டுக்காரர் யாரிடமும் தெரிவிக்கக் கூடாது என்பது அது. என் வாய் சும்மா இருக்குமா, கவர்மெண்ட் ரகசியமா என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கணவன் யார் என்று சொன்னாள். அடுத்த தெருவில் இருப்பவன், என் கடையில் வாடிக்கை. "அக்கா" என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் கூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அவன் வந்து நின்று கதவை உடைத்ததால் இதுவரை மூன்று வீடு மாறிவிட்டாளாம். கடைசித் தடவை மகளின் கை எலும்பு முறிந்ததாம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வழக்கம்போல முதலில் வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தேன். படித்துச் சரி என்றபிறகு பத்திரத்தாளில் எடுத்தேன். முடிந்ததும் அவள் கவுன்ட்டருக்கு உள்ளே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணெதிரே அழிக்கச் சொன்னாள். அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னாள். அதையும் செய்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் மேஜைக்கு அடியில் இருந்த கூடையைப் பார்க்கவில்லை. வெள்ளைத்தாள் இரண்டும் அதில்தான் கிடந்தன.

பூஜையன்று காலை மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, பூசணிக்காய் உடைத்தேன். பொரி, கடலை, வெல்லம் கலந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். எதில் மடித்துக் கொடுத்தேன் என்று கேட்கிறீர்களா? கூடையில் இருந்த தாளில்தான். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் காகிதத்தைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. வருஷா வருஷம் அப்படித்தான். அவள் கணவனும் வந்தான். பொரி இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். என் கையாலேயே ஒரு பொட்டலம் கொடுத்தேன். அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஆனால் கொடுக்காமல் விட்டால் ஏன் என்று யோசிப்பானே என்று கொடுத்தேன்.

கே.கே. நகரில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மீதிப் பொட்டலத்தை டப்பாவில் கொட்டினேன். காகிதத்தில் ஒட்டிய வெல்லத்தைச் சுரண்டும்போது அந்த ஷரத்து கண்ணில் பட்டது. யாரிடமும் தெரிவிக்கக் கூடாது. அது இரண்டாம் பக்கம். முகவரி இருப்பது முதல் பக்கத்தில்.

அந்த முதல் பக்கம் யார் கைக்குப் போனதோ. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யலாம் என்றால் நம்பரை நானே அழித்திருந்தேன். வக்கீலம்மா லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கடைத் தெருவுக்கே ஓடினேன். டீக்கடைக்காரரிடம் பொட்டலம் மடித்த காகிதம் எங்கே என்று கேட்டேன்.

"இன்னாக்கா, குட்த்த பொரிய திருப்பிக் கேட்டுக்கினு கீற?" என்றார்.

பொரி வேண்டாம், காகிதம்தான் வேண்டும் என்று அவர் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். பூக்காரம்மா அதே தாளில் வெற்றிலை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். அதையும் பிடுங்கினேன். ஒன்றில் யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட், ஒன்றில் யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை ஹால் டிக்கெட், மூன்றில் ஆதார். ஒவ்வொன்றையும் பிரிக்கப் பிரிக்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கம்ப்யூட்டரை நாலு மணி நேரம் உட்கார்ந்து துடைத்தவள், ஊராரின் விஷயத்தை வெல்லம் தடவித் தெருவில் கொடுத்திருக்கிறேன். பொட்டலம் வாங்கியவர்களில் ஒருவர் பாக்கியாக எல்லோரையும் கேட்டுவிட்டேன், முதல் பக்கம் மட்டும் வரவில்லை.

கேட்காத ஆள் அவள் கணவன் ஒருவன்தான். அவனிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். அந்தச் சமயம் பார்த்து அவனே எதிரில் வந்து, என்ன தேடுகிறேன் என்று விசாரித்தான். மூக்குத்தி திருகாணி விழுந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்று அவனும் குனிந்து என்னோடு தரையைத் தேடினான். அந்த முகத்திலிருந்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முகவரியை நான் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் டைப் அடித்தது நான்தானே. கண்ணை மூடிக்கொண்டு விரலை அசைத்துப் பார்த்தேன். கதவு எண், தெரு, கிண்டி எஸ்டேட் பக்கம் என்று வரிசையாக வந்துவிட்டது. இருட்டுவதற்குள் அங்கே போய் நின்றேன்.

கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. எல்லாவற்றையும் அழித்தேனே, எப்படி வந்தேன் என்றுதான் முதலில் கேட்டாள். உள்ளே போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கூடை, பொரி, இரண்டாம் பக்கம், அவனுக்குக் கொடுத்த பொட்டலம், அதில் என்ன தாள் இருந்தது என்று எனக்குத் தெரியாதது. திட்டுவாள், திட்டட்டும் என்று நின்றேன். அழுகை வந்தது. அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் போய்க் கதவுச் சங்கிலியை மறுபடி மாட்டினாள். பிறகு, "நீங்க வந்து சொன்னீங்களேக்கா. எப்பவும் அந்தாளு வந்து நின்னாதான் வீடு தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. நாலு நாளும் என் வீட்டில் இருக்கலாம், வக்கீலம்மா வந்ததும் அடுத்ததை யோசிக்கலாம் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டாள். பீரோ மேலிருந்து பையை இறக்கினாள். எது முதலில், எது கடைசியில் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

மகளுக்குப் பத்து வயசு இருக்கும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பாடப்புத்தகங்களை அடுக்கி, மேலே பூ வைத்திருந்தாள். புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. நாளைக்கு விஜயதசமிக்குத்தானே எடுக்க வேண்டும் என்று தயங்கியது குழந்தை. சாமி ஒன்றும் சொல்லாது என்றதும் பூவை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு, புத்தகங்களைப் பைக்குள் அடுக்கியது. எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. யார் இந்த அம்மா என்றும் கேட்கவில்லை. ஜிப்பை இழுத்து மூடியபிறகு ஒன்றே ஒன்று கேட்டது.

"அம்மா, இந்த வாட்டியும் ஸ்கூல் மாறணுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.