வால்நட் மரத்தடியில் கேட்ட பிரசங்கம்

ஃப்ரோனிக் எபெர்சோல் எந்த முடிவையும் இரண்டாவது ஆளிடம் கேட்டு எடுத்ததில்லை. கொனெஸ்டோகா ஆற்றோரம் நிலம் பார்க்கப் போன அன்று, புருஷன் யோஸ்ட் மரமில்லாத வெட்டவெளியைக் கண்ணால் காட்டினான். வெட்டுகிற வேலை மிச்சம் என்பது அவன் கணக்கு. அவளோ எதிர்ப்பக்கம் இருந்த வால்நட் காட்டைக் காட்டினாள்.

"மரம் இந்தப் பருமன் பருத்திருக்குன்னா அடியில மண்ணு சும்மாவா இருக்கும்? கோடாலிய எடுய்யா."

ஏழு வருஷத்தில் அந்த மண்ணில் விளைந்த ரை தானியத்தை வைக்க இடமில்லாமல் களஞ்சியத்தை இரண்டு முறை நீட்டிக் கட்டினார்கள். கடலுக்கு அப்பால் விட்டுவந்த பாலத்தினேட்டில் அவள் அப்பா கடைசிவரை பிரபுவின் நிலத்தில்தான் உழுதார். மகள் தன் நிலத்தில் நின்று அதட்டினாள்.

யோஸ்ட் மட்டும் வாய் திறக்க மாட்டான். நாலு பேர் கூடினால் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்துப் பண்ணை மாட்லே சும்மா இருப்பாளா?

"உன் வீட்டுக்காரருக்கு வாய வச்ச ஆண்டவர் சாவிய உன்கிட்ட குடுத்துட்டார்டி!"

"உன் வாய்க்குப் பூட்டு போடவே மறந்துட்டார்டி" என்றாள் ஃப்ரோனிக்.

ஆனால் ஒரு வசந்தகாலத்து மத்தியானம், வயலுக்குச் சூப் கொண்டுபோனவள் வால்நட் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள். யோஸ்ட் ஏரைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தான். கேட்பதற்கு இருந்தது பிளெஸ் என்ற குதிரை ஒன்றுதான்.

"யோனா பாடு இருக்கட்டும். அவன முழுங்கின மீன் பாட்ட நெனச்சுப் பாரு பிளெஸ். ஒருத்தன் மூணு நாளா உன் வயித்துக்குள்ள முணுமுணுத்துக்கிட்டே இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?"

குதிரை காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு நடந்தது. ஃப்ரோனிக் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப் ஆறிப்போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் அறுவடை முடிந்ததும் சபையின் போதகர் இறந்துபோனார். ஆணும் பெண்ணுமாக ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய், தங்கள் மனதில் இருக்கும் பெயரை மூப்பர் மெல்கியோர் காதில் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் சொல்லியிருந்தாலும் அந்த ஆள் புதுப் போதகருக்கான சீட்டெடுப்பில் நின்றாக வேண்டும்.

"யோஸ்ட் எபெர்சோல்" என்றாள் ஃப்ரோனிக்.

மூப்பர் நிமிர்ந்தார். "உங்க வீட்டு யோஸ்டா?"

"வேற யோஸ்ட் யாரு இருக்கா?"

அடுத்த ஞாயிறு மேசையில் ஏழு பாட்டுப் புத்தகங்கள் இருந்தன, ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. ஏழு ஆண்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். சீட்டு யோஸ்டின் புத்தகத்தில் இருந்தது. சம்பளம் கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, சாகும்வரை அவன்தான் போதகர். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

மூன்று நாள் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"யாரு என் பேரச் சொன்னது?" என்று கேட்டான்.

உலர்த்துவதற்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த ஃப்ரோனிக் தலை தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. சபைக்கு முன்னால் இவன் ஊமையாக நின்றால் அந்த அவமானம் அவள் கொண்டுவந்தது. சொன்னது அவள்தான் என்று தெரிந்தால் முகத்தைப் பார்ப்பானா?

முதல் பிரசங்க நாள் வந்தது. இந்தச் சபைக்குக் கோயில் கிடையாது; அன்று மாட்லே வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. யோஸ்ட் எழுந்தான், வாய் திறந்தான், சத்தம் வரவில்லை. யாரோ இருமினார்கள். மாட்லே பெண்கள் பெஞ்சிலிருந்து ஃப்ரோனிக்கையே பார்த்தாள்.

சபையில் பெண் பேசக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஃப்ரோனிக் எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தாள். வேலியில் கட்டியிருந்த பிளெஸ் திரும்பிப் பார்த்தது.

யோஸ்ட் குதிரையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"யோனா பாடு இருக்கட்டும்" என்று ஆரம்பித்தான்.

ஒரு மணி நேரம் பேசினான். மூப்பர் தாடிக்குள் சிரித்தார். யோனா எச்சரிக்கப் போன நினிவே ஊர்ச் சனங்களுக்காக அவன் குரல் உடைந்தபோது மாட்லே மூக்கைச் சிந்தினாள்.

பிளெஸைப் பிடித்துக்கொண்டு நடந்து வீடு திரும்பும் வழியில் ஃப்ரோனிக்கால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான்தான்யா உன் பேரச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா கேட்ட?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். என் பேச்ச வேற யாரு கேட்டிருக்கா? அன்னிக்கு மரத்தடியிலருந்து சூப் வாசன வந்துச்சே."

அவள் நின்றுவிட்டாள். "நான் நிக்கிறது தெரிஞ்சுதான் பேசினியா? பின்ன ஏன் நிறுத்தல?"

யோஸ்ட் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உனக்கும் சேத்துத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்."

வீடு வந்ததும் அவள் முதல் வேலையாகச் சூப்பைச் சூடாக்கி அவன் முன்னால் வைத்தாள். திங்கட்கிழமை அவன் போதகர் வேலையாகச் சபையின் நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்டான். ஏரை அவள் பிடித்தாள். பிளெஸ் நகரவில்லை. காதை மட்டும் பின்னால் திருப்பிப் பேச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

"சரி, கேளு" என்றாள் ஃப்ரோனிக். "எனக்கு ஒரு புருஷன் இருக்கான்."