மாமா எண்ணாத முப்பத்து நாலு தட்டுகள்

அன்று எல்லோரும் பிந்தியதற்கு நான்தான் காரணமா? இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. கொக்குவிலில் எங்களோடு தங்கிக் கணினி படித்துக்கொண்டிருந்த சின்ன மாமாவுக்குச் சாவகச்சேரியில் திருமணப் பதிவு எழுத்து. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு இராகு காலம் தொடங்க முன் வாசல் படலையைத் தாண்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

மாமாவுக்கோ மறு வாரம் சோதனை. படித்ததை என்னிடம் விளக்கினார். கணினியை உள்ளிருந்து நடத்தும் கேர்னலுக்குத் தானாக நேரம் தெரியாதாம். ஒரு சிப் அதைச் சீராகத் தட்டிக்கொண்டே இருக்குமாம். ஒவ்வொரு தட்டுக்கும் கேர்னல் கைவேலையை நிறுத்தி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருமாம்.

சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றினார். அப்பாவின் மணிக்கூட்டை என் கையில் கட்டினார்.

"நிமிசத்துக்கு ஒருக்கா என்ரை முதுகிலை தட்டு. வேறை ஒண்டும் கதைக்கக் கூடாது. இண்டைக்கு நான்தான் வீட்டு மணிக்கூடு."

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். சவரம் செய்தபடியும் சேட்டு அயன் பண்ணியபடியும் தட்டுக்கொரு கோடாகத் தாளில் போட்டார். சரியாகப் பத்து மணிக்கு அவருடைய தொலைபேசி அடித்தது.

"பொறு, இப்ப தட்டாதை."

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். இட்ட வேலையை விடலாமா? கதவில் தட்டினேன், நிமிடத்துக்கு ஒன்றாக, முப்பத்தைந்து தரம். சிரித்த முகத்தோடு வெளியே வந்தவர், மற்றவை காதில் விழாததால், கடைசித் தட்டுக்கு மட்டும் ஒரு கோடு போட்டார்.

"தம்பி, நேரம் என்னடா?" சேலை மடிப்பைப் பிடித்தபடி அம்மா கேட்டார்.

"பத்து ஒண்டு, அக்கா. ஆறுதலா வெளிக்கிடுங்கோ."

என் கையில் பத்து முப்பத்தைந்து. கதைக்கக் கூடாதல்லவா, கதைக்கவில்லை.

படலையடியில் காத்திருந்த வான்காரர்தான் கத்தினார்: "அக்கா, இராகு காலம் தொடங்கிட்டுது! முடிய விட்டோ போறியள்?"

பன்னிரண்டு மணி வரை பட்டுச் சேலைகளோடு வீட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தோம். பதிவாளர் போய்விடுவாரோ, சம்பந்தமே குழம்புமோ என்று அம்மா அழுதார். "உவர்தானாம் மணிக்கூடு!" என்று இடையிடையே மாமாவுக்கும் ஏச்சு விழுந்தது.

நல்லவேளை, பதிவாளர் போகவில்லை. பெண் வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். பெண் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த முப்பத்தைந்து நிமிடமும் மாமாவோடு கதைத்தது தான்தான் என்று மாமியாகிவிட்ட அந்தப் பெண் சொன்னது, நான் கலியாணம் முடித்த பிறகு.

இப்போது என் சின்னவள் நிமிடத்துக்கு ஒருமுறை "அம்மா" என்று என் முதுகில் தட்டுகிறாள். "பொறு" என்கிறேன். வேலை முடிந்து திரும்பும்போது கடைசித் தட்டுக்குத்தான் பதில் சொல்கிறேன். மற்றவற்றில் என்ன சொல்ல வந்தாளோ? ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பினால் உலை கொதிக்காது. திரும்பாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது ஒரு வழி எழுதுங்கள்.