மரக்காணத்துப் பாத்தியில் விளைந்த சங்குக் கூடு

என் தங்கை கஸ்தூரி சிலை செய்கிறவள். சாமி சிலை இல்லை. நண்டு ஓடு, கடல் முள்ளெலியின் கூடு, தாழம்பழம் என்று கரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அதைக் கல்லிலும் மண்ணிலும் ஆள் உயரத்துக்குச் செய்து வைப்பாள். போன மே மாதம் போன் போட்டு, "அண்ணா, ஞாயித்துக்கெழம உப்புல இருந்து ஒண்ண வெளிய தூக்கப் போறேன், வர்றியா?" என்றாள். "உப்புக்கண்டமா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அதனால் போக வேண்டியதாயிற்று.

கூடுவாஞ்சேரியில் காலை ஐந்தரைக்குத் திண்டிவனம் பஸ் பிடித்தேன். தொண்ணூறு ரூபாய், இரண்டு மணி நேரம். நான் தண்ணீர் கேன் போடுகிற லோடு ஆட்டோக்காரன், ஞாயிறு ஒருநாள்தான் ஸ்டியரிங்கைத் தொடாத நாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே போவதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் கிடையாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பூரி நன்றாக இருக்கும், காபியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கிருந்து மரக்காணத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய், ஒரு மணி நேரம். பெருமுக்கல் மலை தாண்டியதும் காற்றில் உப்பு வாடை ஏறும். கூட வந்த ஒருவர் அதை மீன் வாடை என்றார். நான் சண்டை போடவில்லை.

மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்துக்கு ஆட்டோ பேசினேன். மூன்று கிலோமீட்டருக்கு நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார்.

"எந்தப் பக்கம் அளம் சார்?"

"ஏழுமலை பாத்தி. சிலை செய்யறவங்க வூட்டுக்காரரு."

டிரைவர் வண்டியை ஸ்லோ பண்ணித் திரும்பினார். "கஸ்தூரி அக்காவா? எங்க பாப்பா ஸ்கூல் வாசல்ல பெருசா ஒரு நண்டு ஓடு நிக்குது பாருங்க, அது அவங்க வெச்சதுதான். மழைன்னா பசங்க எல்லாம் அதுக்குள்ளதான் ஒதுங்குங்க. நீங்க யாரு?"

"அந்த அக்காவுக்கு அண்ணன்."

"அப்ப எழுவது குடுங்க, போதும்."

தங்கையால் எனக்குக் கிடைத்த முதல் வருமானம் அந்தப் பத்து ரூபாய். செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அவள் இந்த இடத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு பெருமை என்று கேட்பீர்கள். சின்ன வயதில் எங்கள் அம்மாவோடு உப்புச் சுமக்கப் போவாள். வரும் வழியில், வலையைக் கரையில் உதறும்போது மீன்காரர்கள் தூக்கி எறிவதைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வருவாள். வரப்புக் களிமண்ணில் அதே மாதிரி பிடித்துக் காயவைப்பாள். வீட்டில் அதைக் கோழிக்குத் தீனி வைக்க எடுத்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் பிறகு குயிலாப்பாளையம் பக்கம் ஒரு மண்பாண்டப் பட்டறைக்குப் பெருக்குகிற வேலைக்குப் போனாள். பெருக்கினாள், பிறகு மண் பிசைந்தாள், பிறகு சூளையில் ஓரமாய் இடம் கேட்டுத் தன்னுடையதைச் சுட்டாள். நண்டு வளை தோண்டும்போது சுற்றிப் போடுகிற மணல் உருண்டைகள் தெரியுமா? அதைச் சுட்ட மண்ணில் ஒரு கூடம் நிறையப் பரப்பி வைத்தாள். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்தார்கள். கல் கொத்தக் கற்றுக்கொண்டது அதற்கு அப்புறம். இப்போது அவள் கல் மூன்று ஊர்களில் நிற்கிறது. அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்ததற்கு என்னை வாட்ச்மேன் விரட்டினான். அதுவும் எனக்குப் பெருமைதான்.

இந்த முறை அவள் எடுத்தது சங்கு முட்டை வைக்கிற கூடு. ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்து, வளையம் வளையமாக அடுக்கி இருக்கும். கம்பியில் கட்டி, தேங்காய் நார்க் கயிறு சுற்றி, என் இடுப்பு உயரத்துக்குச் செய்திருந்தாள். பாத்தி மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, அதை உள்ளே இறக்கியிருந்தாள். தண்ணீர் சுண்டச் சுண்ட, கற்கண்டு மாதிரி பெரிய பெரிய உப்புக் கட்டிகள் அதன்மேல் விளைய வேண்டும் என்பது கணக்கு. அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி இறக்கியதைக் கோடை மழை கரைத்துவிட்டது. புதுச்சேரியில் கண்காட்சிக் கூடம் நடத்துகிற ஒரு அம்மா, கூடம் முழுவதையும் கஸ்தூரி ஒருத்திக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். நடுவில் வைக்க வேண்டியது இந்தக் கூடு. இது சரியாக வரவில்லை என்றால் கூடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். பதினொரு மணிக்கு அந்த அம்மா நேரில் பார்க்க வருகிறார்.

நான் போனபோது கஸ்தூரியும் அவள் வீட்டுக்காரர் ஏழுமலையும் குழி ஓரம் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்துத் தூக்கினோம். வெளியே வந்ததில் கற்கண்டும் இல்லை, கட்டியும் இல்லை. ரவை தூவியது மாதிரி, கயிறு தெரிகிற அளவுக்கு மெல்லிய வெள்ளை.

கஸ்தூரி அதை ஒரு தரம் சுற்றி வந்தாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"ஏய்யா, இத நீ தொட்டியா?"

"நான் ஏன் தொடப்போறேன்? தொடாதன்னு சொல்லிட்ட, தொடல."

"பின்ன எப்படி இப்படி இருக்குது?"

"காலைல பாத்தி கலக்கறப்ப, கையோட இந்தக் குழியையும் ஒரு சுத்து கலக்கிட்டுப் போவேன். அது தொட்டதா?"

அளத்து வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலில் ஆடை கட்டுவது மாதிரி உப்புத் தண்ணீர் மேலும் ஏடு கட்டும். அதைத் தினமும் கலைத்துவிட்டால்தான் உப்பு பொடியாக, விலை போகிற மாதிரி இறங்கும். விட்டால் பாறையாகப் பிடித்துக்கொள்ளும். ஏழுமலைக்கு முப்பது வருஷப் பழக்கம். தண்ணீரைக் கண்டால் கை தானாகப் போகும்.

"கலக்காம வுட்டா கட்டி புடிச்சிக்குமே, எவன் வாங்குவான்?" என்றார் பாவம்.

"இத யாரு மாப்ள கொழம்புல போடப் போறாங்க?" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

அந்த அம்மா வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பெருசு பெருசா வரும்னு சொன்னீங்களேம்மா?" என்றார், கோபம் இல்லாமல்தான்.

வீட்டுக்காரர் மேல் பழியைப் போட நல்ல சமயம். ஏழுமலை தலையைக் குனிந்து தயாராக நின்றார். கஸ்தூரி எழுந்து, பையிலிருந்து நிஜமான சங்குக் கூட்டை எடுத்தாள். காய்ந்து, நகம் மாதிரி லேசாக இருந்தது. பெரியதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"நான் சொன்ன மாதிரி வரல மேடம். ஆனா இந்த விளிம்பப் பாருங்க. ஒவ்வொரு வளையமும் தனித்தனியா தெரியுது. கட்டி ஏறியிருந்தா எல்லாம் மூடிப் போயிருக்கும். நான்தான் தப்பா யோசிச்சிட்டேன். இதுதான் சரி. ஆனா பத்தல, கயிறு தெரியுது. இன்னிக்கு நீங்க கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஒரு வாரம் வேணும்."

கூடம் தருகிறவரிடம் குடுக்க மாட்டேன் என்கிறாள்! அந்த அம்மா சின்னக் கூட்டைத் தன் உள்ளங்கையில் வாங்கி, விரலால் விளிம்பைத் தடவினார். பெரியதையும் தடவினார். "அடுத்த ஞாயிறு வண்டி அனுப்பறேன். நடுவுல மழை வந்தா?"

"எங்க மாப்ள மேல படுத்துக்குவாரு மேடம். உடம்பப் பாருங்க, தார்ப்பாயே வேணாம்" என்றேன். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், ஏழுமலை உட்பட.

மறுபடி இறக்கினோம். "எடுய்யா கோல, கலக்கு" என்றாள் கஸ்தூரி. ஏழுமலை கோலை எடுத்து, பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி மெதுவாகத் தொட்டார்.

"அப்படி இல்ல. தெனம் எப்படிப் பண்ணியோ அப்படி."

"தெனம் எப்படிப் பண்ணேன்னு எனக்கு இன்னா தெரியும்? நெனச்சா பண்ணேன்?"

"அப்ப எங்க அண்ணன் கூடப் பேசிக்கினே கலக்கு."

என்னிடம் பேச்சு கொடுத்தால் யாரும் எதையும் நினைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஏழுமலையின் தம்பி கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன கதையை எடுத்தேன். அவர் என்னை எதிர்த்து வாதாட ஆரம்பித்ததும் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. கஸ்தூரி குழி ஓரம் குந்தி, அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்குக் கூடு இப்போது புதுச்சேரிக் கூடத்தின் நடுவில், கண்ணாடிக்குள் நிற்கிறது. சுவரில் அவள் பெயர் மட்டும். இவ்வளவு பெரிய எழுத்தில் எங்கள் வீட்டுப் பெயர் எதையும் நான் பார்த்தது கிடையாது, ரேஷன் கடை போர்டில் கூட.

போக நினைப்பவர்களுக்கு: உப்பளம் பார்க்க மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை நல்லது. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெள்ளைக் கூச்சம் கண்ணைத் திறக்க விடாது. வரப்பில் மட்டும் நடங்கள், செருப்புக் காலோடு பாத்தியில் இறங்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் கையில் வேண்டும், அங்கே கடை கிடையாது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிறைய, ஒரு மணி நேரம். கூடத்துக்கு மழைக்கு முன்பே போங்கள். காற்றில் ஈரம் ஏறினால் கண்ணாடிக்குள்ளும் உப்பு வேர்க்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட கனமான ஆள் ஒருவர் நிற்பார். இது எப்படிச் செய்தது என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கையை வீசி வீசிக் கலக்கிக் காட்டுவார், கடைசி பஸ் போய்விடும்.