ஒரே புத்தகத்தில் முடிந்த பூதக் கதை

தக்காளிச் செடிக்குள் கைவிட்டுப் பறித்தவர்களுக்குத் தெரியும், பழம் என்னவோ சிவப்புதான், கையில் ஒட்டுகிற கறை சிவப்பாக இருக்காது. பச்சையும் கறுப்புமாக விரல் நுனியில் ஏறி, நகக்கண்ணில் தங்கி, சோப்புப் போட்டால் மஞ்சளாக நுரைத்து, மறுநாள் மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்; கசங்கிய இலையும் வெயிலும் கலந்த அந்தக் காட்டமான வாசனை சோற்றில் கை வைத்தாலும் விடாது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு இருந்த கோடையில் நான் படித்த ஒரு புத்தகத்தின் பக்க ஓரங்களிலெல்லாம் அந்தக் கறைதான் இருந்தது. நூலகப் புத்தகத்தை அப்படி அழுக்காக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பாலக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் நிலத்துக்குள்ளேயே எங்கள் வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி நிலத்தில் கட்டிக் குடியிருக்கிற வீட்டைக் 'கொட்டாய்' என்போம். கொட்டாயில் அப்பா, அம்மா, நான். ஊருக்குள் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குத் தலைவர், எங்கள் குடும்பத்தில் யார் எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்கிற அதிகாரத்தை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர்.

நான் சின்ன வயதிலிருந்தே எழுத்துப் பைத்தியம். உர மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிப்பேன். பூச்சிமருந்து டப்பாவோடு மடித்து வருகிற துண்டுத்தாளைத் தமிழில் படித்துவிட்டுக் கன்னட எழுத்துகளையும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாம் வகுப்பு வந்தது. ஒரு வருடம் முழுக்க ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தோம். தேர்வு முடிந்த அன்றே பெரியப்பா தன் அலமாரியிலிருந்து நான்கு பாகங்கள் கொண்ட ஒரு சரித்திர நாவலைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். “எடுத்தத முடிச்சிட்டுத்தான் அடுத்தத தொடணும்” என்பது அவருடைய சட்டம். முதல் பாகத்தை எப்படியோ கடந்தேன். இரண்டாம் பாகத்தில் ஒரே பெயரில் பாட்டனும் பேரனும் இருந்தார்கள். மந்திராலோசனை தொடங்கினால் முடிவதில்லை. யார் யாருக்குச் சம்பந்தி என்று தெரிவதற்குள் போர் வந்துவிடும். அங்கே நின்றுபோனேன்.

நின்றது அந்த நாவல் மட்டும் என்றால் பரவாயில்லை. எதையுமே படிக்க முடியாமல் போனது. செய்தித்தாளின் சினிமாப் பக்கத்தை எடுத்தால்கூட முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன், அர்த்தம் உள்ளே இறங்காது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கு 'ரீடிங் ஸ்லம்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த வார்த்தை 'மந்தம்'தான், அதுவும் குழந்தைகளின் வயிற்றுக்குச் சொல்வது. எனக்கு மந்தம் மண்டையில் தட்டியிருந்தது. இனிமேல் இப்படியே இருந்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். வேறு எதிலும் கெட்டிக்காரி என்று பேர் வாங்காத எனக்கு இருந்த ஒரே சொத்து அது.

இதற்கு நடுவில் பெரியப்பா ஒரு காரியம் செய்தார். கோடை முடிவில் நூலக ஆண்டு விழா. அதில் நான்கு பாகங்களையும் பற்றி என் மகள் பேசுவாள் என்று (அவருக்கு நான் தம்பி மகள் இல்லை, மகள்தான், அதில் பாசமும் இருந்தது, உரிமையும் இருந்தது) எல்லோரிடமும் சொல்லிவிட்டு, நோட்டீஸிலும் என் பெயரை அச்சடித்துவிட்டார். தினமும் சாயங்காலம் மொபெட்டில் கொட்டாய்க்கு வந்து, வண்டியை நிறுத்துவதற்கு முன்பே, “எந்தப் பக்கம் வந்திருக்கற?” என்று கேட்பார்.

அவர் வருகிற நேரத்துக்கு நான் நூலகத்துக்கு ஓடத் தொடங்கினேன். படிக்க அல்ல, ஒளிந்துகொள்ள. அங்கேதான் வேலைவாய்ப்புக் கையேடுகளுக்குப் பின்னால், கீழ்த்தட்டில், அது கிடைத்தது. அட்டையில் ஒரு மலை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு பெண். பக்கத்தில் அவளை முறைத்தபடி ஒரு வெள்ளாடு. பெயர் 'ஓசை தின்ற மலை'. எழுதியவரின் பெயரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பாகம் கீகம் என்று எங்கும் போடவில்லை. இருந்தாலும் சூடுகண்ட பூனையாயிற்றே. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கதை தெரிந்துவிடாதபடி உள்ளங்கையால் வரிகளை மூடிக்கொண்டு, அடியில் மட்டும் பார்த்தேன். 'முற்றும்' என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அதை எடுத்துவந்தேன்.

கதை இதுதான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் திடீரென்று சத்தமே இல்லாமல் போகிறது. உலக்கை இடிக்கிறது, சத்தம் இல்லை. குழந்தை அழுகிறது, சத்தம் இல்லை. மலைக்குள் இருக்கிற பூதம் ஊரின் ஓசையை எல்லாம் பானை பானையாகப் பிடித்து மூடி வைத்திருக்கிறது. சின்னி என்கிற பெண், பேசத் தெரிந்த சிடுமூஞ்சி ஆட்டோடு, அதை மீட்கப் போகிறாள். சத்தமில்லாத ஊரில் அந்த ஆடு மட்டும் எப்படிப் பேசியது என்று கேட்காதீர்கள், அதற்கும் புத்தகத்தில் ஒரு காரணம் இருந்தது. முதல் பக்கத்தில் போன சத்தம் திரும்பி வருமா என்று தெரிந்துகொள்ள நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அப்புறம் மூன்றாம் பக்கம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. விழவில்லை என்று பின்னால் தெரிந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மந்தம் விட்டிருந்தது.

அது தக்காளி வரத்து மிகுந்த காலம். தகரக் கொட்டகையின் கீழ் பழத்தைக் கொட்டி, பாதி பழுத்த செங்காய் தனி, பழம் தனி, வெடித்து நசுங்கிய 'ஒடைசல்' தனி என்று பிரித்துப் பெட்டியில் போடுவோம். அம்மாவோடு நாலைந்து பெண்கள் வருவார்கள். அவர்களில் மாதக்கா வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களோடு தமிழ். நான் ஒரு கையால் பழம் பொறுக்கி மறு கையால் பக்கம் திருப்புவதைப் பார்த்து, “என்னாத்த அப்பிடி முழுங்கற? எங்களுக்கும் சொல்லு புள்ள” என்றார். சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், மாதக்காவுக்குத் தமிழ் மறந்துவிடும். “ஆமேல? ஆமேல?” என்பார், அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று.

பூதத்தின் குகைக்குள் சின்னி வந்துவிட்டாள். வரிசை வரிசையாகப் பானைகள். ஒன்றில் மழைச் சத்தம். ஒன்றில் கோயில் மணி. ஒன்றில், அவள் பிறந்த கொஞ்ச நாளில் செத்துப்போன அவள் அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல். பூதம் சொல்கிறது: ஒரே ஒரு பானையோடுதான் இந்த வாசலைத் தாண்ட முடியும், எது வேண்டும்? அந்த இடத்தில் அத்தியாயம் முடிந்தது. கொட்டகையில் சண்டை தொடங்கியது. “மழதான். மழயில்லாம வெள்ளாம எப்பிடி?” என்றார் மாதக்கா. மணிதான் என்றார் ஒருவர். அம்மா தலையைத் தூக்காமல், “அவுங்கம்மா கொரலத்தான் எடுப்பா. வேற எத எடுப்பா?” என்றாள். அம்மா தன் தாயைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொபெட் வந்து நின்றது.

“என்னா படிக்கற?” என்றார் பெரியப்பா. கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார். “ஆடு பேசுதா இதுல?”

“பேசுதுங்க பெரீப்பா.”

“பத்தாவது முடிச்ச புள்ள படிக்கற பொஸ்தகமா இது? பூதம், ஆடு, பானை! மேடையில ஏறி என்னாத்தப் பேசுவ?”

அம்மா எழுந்து நின்றாள். அவர் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை. “வவுறு மந்தமாக் கெடக்கற புள்ளைக்கு ஆரும் கறிச்சோறு போடறதில்லைங்க மாமா. ரசஞ்சோறுதான் போடுவாங்க. மொதல்ல அவளுக்குப் பசி வரட்டுங்க.”

பெரியப்பா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் உள்ளங்கையால் மூடிவைத்த அந்தப் பக்கத்தை எல்லோர் முன்னாலும் படித்தார். “ம்க்கும். கடைசியில வெறும் பானையத் தூக்கிக்கிட்டு வூட்டுக்கு வர்றாளாம். அவ்ளோதான் உங்க கதெ. முடிவு தெரிஞ்சிபோச்சில்ல? இனி போயி ரெண்டாம் பாகத்த எடு. இத நானே நூலகத்துல குடுத்துடறேன்.” புத்தகம் அவர் பைக்குள் போனது, வண்டி கிளம்பியது.

“வெறும் பானையா?” என்று மாதக்கா தக்காளியைப் பெட்டிக்குள் எறிந்தார். எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். புத்தகத்தைப் பிடுங்கியதைக்கூட மன்னிக்கலாம். முடிவைச் சொன்னதை எப்படி மன்னிப்பது?

மறுநாள் காலையில் ஊருக்குள் போனேன். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். புத்தகம் உள்ளே டிவி மேல் இருந்தது. நேராகப் போய் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன்.

“எம் பேர்ல எடுத்த பொஸ்தகங்க பெரீப்பா. நானே குடுத்துக்கறேன்.”

“முடிவுதான் தெரியுமே?”

“தெரியுங்க. இருந்தாலும் படிக்கறேன்.”

அடுத்த நாள் மண்டிக்குச் சரக்கு போனது. 'குட்டியானை' வண்டியில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நானும் பாலக்கோடு போனேன். அப்பா ஏலத்துக்கு நின்றார். நான் கவிழ்த்துப் போட்ட காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன். சுற்றிலும் ஏலக்காரர்களின் கூச்சல், லாரி ஹாரன், டிராக்டர் சத்தம். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் சத்தமில்லாத ஊரின் கதையைப் படித்து முடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சின்னி எந்தப் பானையையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு பானைதான் வாசலைத் தாண்டலாம் என்று பூதம் சொன்னதே தவிர, மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எல்லாப் பானைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். ஓசைக்கு வாசலும் காவலும் ஏது? எல்லாம் ஊரைப் பார்த்துப் பறந்தன. கடைசியாகத் தன் அம்மாவின் குரல் இருந்த பானையைத் திறந்தாள்; அது அவள் பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு மற்ற ஓசைகளோடு போய்விட்டது. அந்தப் பானையைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காலியாக.

விழா அன்று பந்தலில் ஊரே இருந்தது. பின்வரிசையில் மாதக்காவும் மற்றவர்களும் வேலை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பெரியப்பா. மைக் முன்னால் நின்று சொன்னேன்: “நாலு பாகத்தையும் நான் படிக்கலைங்க. முடியலைங்க. வேற ஒரு கதெ படிச்சேன். அதச் சொல்றேன்.” பந்தலில் சிரிப்பு எழுந்தது. சொன்னேன், மலையை, ஆட்டை, பானைகளைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பூதம் கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்தபோது பெரியப்பா உட்கார்ந்தபடியே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி: “வெறும் பானையத்தான் கொண்டாருவா.”

“கடைசிப் பக்கத்த மட்டும் படிச்சா வெறும் பானைதானுங்க பெரீப்பா,” என்றேன். “அதுக்கு முந்தின பக்கத்த நீங்க படிக்கலீங்க.”

பின்வரிசையிலிருந்து மாதக்காவின் குரல் வந்தது: “ஆமேல? சொல்லு புள்ள!” முழுக்கச் சொன்னேன். சின்னி கடைசிப் பானையைத் திறந்த இடத்தில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்ததை மேடையிலிருந்து பார்த்தேன்.

பெரியப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. 'வாய் நீளம்' என்று எனக்குப் பட்டம் கிடைத்தது, வைத்துக்கொண்டேன். அந்த நான்கு பாகங்களையும் பிற்பாடு படித்தேன், அவர் சொன்னதற்காக அல்ல, எனக்குத் தோன்றியபோது. நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அம்மா எனக்காகப் பேசியது பெரிய விஷயம்தான். இருந்தாலும் அவள் சொன்னதிலும் ஒரு திருத்தம் உண்டு. அது ரசஞ்சோறு இல்லை. பசிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற பத்தியச் சாப்பாடு இல்லை. அதுவே விருந்து. எளிதாக இருந்ததால் அது சின்னது என்று சொன்னவர்கள், சொல்கிறவர்கள், இனிமேல் சொல்லப்போகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தகரக் கொட்டகை இப்போது இல்லை. வியாபாரிகளே வயலுக்கு வந்து பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நூலகம் பூட்டிக் கிடக்கிறது. பெரியப்பாவும் இல்லை. 'ஓசை தின்ற மலை'யைப் பழைய புத்தகக் கடைகளிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு புத்தகம் வந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை.

எனக்குப் பழையபடி மந்தம் தட்டியிருக்கிறது. இந்த முறை காரணம் கைப்பேசி. ஒரு வருடமாக எந்தப் புத்தகத்திலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. கட்டில் பக்கத்தில் எல்லோரும் புகழ்கிற கனமான நாவல்கள் தூசி படிந்து கிடக்கின்றன. போன வாரம் தருமபுரியில் புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். அட்டையில் பறக்கிற மீன் ஒன்று போட்டிருந்த ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தேன். கடைக்காரத் தம்பி, “பசங்களுக்குங்களா மேடம்?” என்றான்.

“இல்லப்பா. எனக்குத்தான்.”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, உள்ளங்கையால் வரிகளை மூடிக்கொண்டு, அடியில் மட்டும் பார்த்தேன். 'முற்றும்' என்று இருந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.