பழைய கணினியில் புதிய கர்னல் கட்டிய நாகவேணி

வியாழக்கிழமை காலை தேநீர் இடைவேளை முடிந்து சோதனைப் பிரிவுக்குள் நுழையும்போது நாகவேணியின் கணவர் முனிராஜு அழைத்தார். "பர்வீன் மேடம், வேணி போயிட்டா" என்றார். வியாழன் நாகவேணிக்கு டயாலிசிஸ் நாள். "ஆஸ்பத்திரிக்கா? இவ்ளோ சீக்கிரமாவா?" என்று கேட்டேன். பின்னால் யாரோ தெலுங்கில் வேணியின் பெயரைச் சொல்லி அழுதார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஓசூரில் நாங்கள் வேலை பார்க்கும் கியர்பாக்ஸ் தொழிற்சாலையின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொண்டவர். உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பெங்களூர்க்காரர்கள் போனில் வந்தால் கன்னடம். திரையில் சிவப்பாக ஏதாவது வந்தால் நாங்கள் பயந்து மூடிவிடுவோம். அவர் திட்டுவார். "எரர்னா அது உன்ன வையறதுன்னு நெனச்சிக்காத பர்வீன். எங்க வந்து பாக்கணும்னு அட்ரஸ் குடுக்குது, அவ்ளோதான்."

நான் மேற்பார்வை பார்க்கும் பிரிவில் கியர்பாக்ஸின் சத்தத்தையும் அதிர்வையும் அளக்கும் ஒரு மேடை இருக்கிறது. அதை ஓட்டுவது மிகப் பழைய லினக்ஸ் கணினி. அதில் அளவுகளை வாங்கும் கார்டு ஒருநாள் புகைந்து போயிற்று. அதே கார்டு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. புதிய கார்டு வாங்கிப் போட்டோம். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கர்னல் என்று சொல்கிறார்களே, வன்பொருளோடு பேசுகிற அந்த மையப்பகுதி, இந்தக் கார்டு பிறப்பதற்குப் பல வருடம் முந்தையது. கணினியையே மாற்றிவிடலாம் என்றால் சோதனை மென்பொருள் புதிய லினக்ஸில் ஓடாது. அதை எழுதிக்கொடுத்த நிறுவனமும் மூடிவிட்டது.

மேலாளர் மேடையைக் கழற்றிவிட்டு, சோதனையை வெளியே கொடுத்துவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் என் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். கல்லாவியில் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த லட்சுமி அன்று சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை. நாகவேணி அவளைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் போய், "சார், மீதியெல்லாம் பழசாவே இருக்கட்டும். கர்னல மட்டும் புதுசு கட்டிப் பாக்கறன்" என்றார். மாதக் கடைசி வரை நேரம் கிடைத்தது.

அவருடைய மடிக்கணினியில் கட்டி எடுத்துவந்து போட்டுவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று நானே கேட்டேன். "முடியும். ஆனா நாளைக்கி நான் இல்லன்னா? இதுக்கு வேண்டியத இதுலயே செய்ய முடியணும். அப்பத்தான் வேற யாரு வந்தாலும் திருப்பிக் கட்டலாம்." அப்போது அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. பிரிவில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலையைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. புதிய கர்னலின் மூலநிரலை அந்தக் கணினியில் இருந்த பழைய கம்பைலரால், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளால், கட்ட முடியவில்லை. புதிய கம்பைலரைக் கட்டலாம் என்றால், அதைக் கட்டவும் பழையதற்குத் தெம்பில்லை. ஆகவே நடுவாந்தரமான ஒரு கம்பைலரைக் கட்டி, அதைக் கொண்டு புதியதைக் கட்டி, அதன் பிறகுதான் கர்னல். ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் ஓடும். காலையில் ஓடவிட்டுவிட்டு ஆட்டோவில் டயாலிசிஸுக்குப் போவார். மாலையில் முழங்கைக்குக் கீழே கட்டோடு திரும்பிவந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரையைப் பார்ப்பார். தண்ணீரும் அவருக்கு அளவுதான்.

ஒருநாள் மேலாளர் வாசலில் நிறுத்தி, "மெஷின ஓடவிட்டுட்டு எங்கம்மா கெளம்பிட்றீங்க?" என்று கேட்டார். நாகவேணி சிரித்தார். "நான் பக்கத்துல உக்காந்திருந்தா மட்டும் அது வேகமா ஓடப்போகுதா சார்?" சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டிருப்பார். அதுதான் நாகவேணிக்கு வேண்டாம்.

கர்னலைக் கட்டும் வேலை ஓடிக்கொண்டிருந்த ஒருநாள் நானும் அவருடன் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கைப்பேசி அடித்தது, லட்சுமி. "அக்கா, ஓடிட்டிருந்தது நின்னுபோச்சு. என்னமோ எழுதியிருக்குது." நாகவேணி கையை அசைக்கக் கூடாது. நான்தான் கைப்பேசியை அவர் காதில் வைத்துப் பிடித்தேன்.

"கடைசி வரிய படி லட்சுமி."

"நோ ஸ்பேஸ் லெஃப்ட்..."

"எடம் பத்தல. பயப்படாத. நடுவுல கட்டுனோமே ஒரு கம்பைலரு, அந்த ஃபோல்டர அழிச்சிடலாம். அதோட வேல முடிஞ்சிருச்சி. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றன். அடிச்சிட்டு என்டரத் தட்டாத, மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டு."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் லட்சுமி நடுங்கும் குரலில் படித்துக்காட்டினாள். "சரி, தட்டு" என்றதும் இருவருமே மூச்சை விட்டார்கள். செவிலியர் வந்து, "பேஷண்ட் இப்படிப் பேசிட்டே இருந்தா எப்படிம்மா?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். நாகவேணி கண்களை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அன்று பார்த்த திருப்தியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

முதல்முறை புதிய கர்னல் எழவில்லை. கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஓடி அப்படியே உறைந்துவிட்டது. இடம் போதாதென்று தேவையில்லாதவற்றையெல்லாம் நீக்கியபோது, வன்தட்டைப் படிக்கும் பகுதியையும் சேர்த்து நீக்கிவிட்டிருந்தார். பெண்கள் சுற்றி நின்றோம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "நானேதான் எடுத்து வீசியிருக்கறன்" என்றார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சற்று நேரம் கழித்து, "தூக்கி உடுங்க, எழுந்திரிக்கணும்" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருந்ததால் கணினி மறுபடி எழுந்தது. திரும்பவும் கட்டினார்.

அது எழுந்த அன்று நான் எதிரில் நின்றேன். கார்டின் பெயர் திரையில் வந்தது. லட்சுமி ஒரு கியர்பாக்ஸை ஏற்றி மோட்டாரை ஓடவிட்டாள். அதிர்வின் கோடு வளைந்து வளைந்து ஏறியது. யாரோ கைதட்டினார்கள். "இருங்க, இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றார் நாகவேணி. பிரிவு தப்பியது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அவருக்கு மட்டும் எதுவும் கைகூடவில்லை. முனிராஜுவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. தம்பி தருவதாகச் சொன்னார், அவருக்குச் சர்க்கரை. காத்திருப்போர் வரிசையில் பெயர் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் நெஞ்சில் நீர் கோத்தது. வேலைக்கு வருவது நின்றது.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது முற்றம் முழுக்கத் தக்காளிக் கூடைகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கதவருகே நின்றாள். அவளைப் பார்த்து, "ஏமி காதம்மா" என்றார். ஒன்றும் ஆகாது என்று. மகள் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வந்து தைரியமா இருன்னுட்டுப் போறாங்க பர்வீன். நானும் சரி சரின்னு தலையாட்டறன். எனக்கு ரொம்ப பயமா இருக்குது. அத யாருகிட்டயாவது சொல்லணும். அதுக்குத்தான் உன்ன வரச்சொன்னன்."

"பயந்துக்கோ வேணி, நான் இருக்கறன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். கூடைகளை ஏற்ற வண்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர் கையை விடவில்லை. ராயக்கோட்டை சாலையில் ஓசூர்ப் பேருந்துகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் நிலத்து ஓரத்தில் அடக்கம் நடந்தது. பிரிவுப் பெண்கள் கம்பெனிப் பேருந்தில் வந்திருந்தார்கள். வேலைக்கு நடுவே நாகவேணி எங்கே போய்வந்தார் என்பது மேலாளருக்கு அன்றுதான் தெரிந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று முனிராஜுவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். லட்சுமி நாகவேணியின் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு தைரியமான பெண் என்று வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். உண்மைதான். அந்த நாகவேணி உங்கள் எல்லோருக்கும் உரியவர். பயந்துபோய் என் கையைப் பற்றியிருந்த நாகவேணியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.