அவருக்கு நம்ம பாஷை தெரியும்

சோலைமலை துரோகி அல்லர். துரோகி நான்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் எங்கள் தெருவில் நின்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ எவரோ. நாளைக் காலையில் குழாயடியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டீர்கள். அந்தத் தைரியம்தான்! வேறென்ன?

அருப்புக்கோட்டை டெலிபோன் ஆபீஸில் லைன் போட்டுக் கொடுப்பவள் நான். பெயர் சரசு. நெசவுத் தெருப் பெண். வெளியில் தமிழ், வீட்டுக்குள் கன்னடம். தறியில் நூல் இல்லாத நாட்களில் என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. வேலை நிரந்தரமாகவில்லை. அந்தப் பயம் ஒன்று போதாதா, மனுஷியைக் கெடுக்க?

பக்கத்து நாற்காலியில் சோலைமலை. பரளச்சிக்காரர். காட்டு வேலைக்குப் போகும் கூலிக் குடும்பத்திலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள். நான் "அண்ணே" என்பேன். அவர் "தங்கச்சி" என்பார். மத்தியானம் டெலிபோன் போர்டில் அழைப்பு விளக்கு எரியாத நேரங்களில் அவருக்குக் கன்னடம் சொல்லிக் கொடுத்தேன். சாப்பிட்டாச்சா, தூங்கினாயா, போடா கழுதை... எல்லாம்! நன்றாகவே பேசுவார். ஆனால் கூச்சம். என்னைத் தவிர வேறு யாரிடமும் பேசியதில்லை.

அவசரநிலைக் காலம். எழுபத்தாறாம் வருஷம். எங்கள் வீரபத்திர மாமா, அம்மாவின் தம்பி, நெசவாளர் சங்கத்துக்காரர். நூல் கேட்டு ஊர்வலம் நடத்தினார். அரசாங்கத்தைத் திட்டிச் சுவரில் எழுதினார். போலீஸ் தேடவும் சேலத்துப் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். அத்தை நூல்கடைக்கு வந்து அவரோடு டிரங்க் காலில் பேசுவாள். தெரு முழுவதற்கும் அந்த ஒரே போன்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஓர் அசட்டு நம்பிக்கை. தமிழில் பேசினால்தானே ஆபத்து? நம் பாஷையில் பேசினால் எந்தப் போலீஸுக்குப் புரியும்? அதனால் அந்தக் கடை போனில் ஊர் ரகசியம் முழுவதும் கன்னடத்தில் ஓடியது. ஒளிவு மறைவே கிடையாது!

ஒருநாள் மஃப்டியில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து எங்களருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எரிச்சலோடு கழற்றினார்.

"என்னம்மா இது, தெலுங்கா?"

"இல்ல சார், கன்னடம்."

"ஒனக்குப் புரியுமா?"

"எங்க வீட்டுப் பாஷை சார்!"

சொன்னபோது என் குரலில் இருந்தது என்ன தெரியுமா? பெருமை! பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கும் பிள்ளையைப் போல் முந்திக்கொண்டு சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை... தெரியாது சார் என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா?

அன்று முதல் நான் கேட்டேன். கேட்டதைத் தமிழில் சொன்னேன். "ஒங்க மாமாவ ஒண்ணும் செய்ய மாட்டோம்மா. எங்க இருக்காருன்னு தெரிஞ்சா போதும். ஒன் வேலைக்கும் நான் பொறுப்பு" என்றார் இன்ஸ்பெக்டர். நம்பினேன். நம்பினேனா, நம்புவதுபோல் எனக்கே நடித்துக்கொண்டேனா? இன்றுவரை விளங்கவில்லை.

மாமாவின் மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை. அப்பா அப்பா என்று அனத்துகிறாள் என்று அத்தை போனில் அழுதாள். வெள்ளிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் பாலவனத்தம் வந்து இறங்குவதாகவும் பிள்ளையை அங்கே தூக்கி வரும்படியும் மாமா சொன்னார்.

"என்ன சொல்றாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பக்கத்தில் சோலைமலை அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த லைனைப் போட்டவர் அவர்தான்; அவருக்கும் புரிந்திருந்தது. வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். வேறொரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கலாமே! திருச்சுழி என்றிருக்கலாம். கமுதி என்றிருக்கலாம். அந்த இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரியப்போகிறது?

"பாலவனத்தம். வெள்ளிக்கிழமை" என்றேன்.

டூட்டி முடிந்ததும் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே நூல்கடைக்குப் போயிருக்கிறார். கடை வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்: "போன்ல பேசாதீக. போலீஸு கேக்குது. நீங்க ஒங்க பாஷையில பேசுனாலும் அவுகளுக்குப் புரியுது. மொதல்ல சேலத்துல இருக்கவுகளப் பாலவனத்தம் வர வேணாம்னு சொல்லி விடுங்க!"

தெரு அவரைக் கொண்டாடியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நூல்கடைக்காரர் அவரைக் கட்டிப் பிடித்தாராம். "பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெறணும்" என்றார்களாம். சேலத்துக்கு ஆள் ஓடினான்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? எரிந்தது! என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் பாவி என்று எரிந்தது. காதில் விழுவதை வெளியே சொல்ல மாட்டோம் என்றுதானே இருவரும் சத்தியம் செய்து வேலையில் சேர்ந்தோம்? இவர் மட்டும் மீறலாமா? சட்டப்படி பார்த்தால் நான் உத்தமி, அவர்தான் குற்றவாளி... அன்று இரவெல்லாம் இப்படித்தான் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு கிடந்தேன்.

சேலத்துக்குப் போனவன் சேர்வதற்குள் மாமா புறப்பட்டுவிட்டார். சேதி எட்டியதா என்று தெரியாமல், வந்தால் திருப்பி அனுப்பலாம் என்று அத்தை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றிருக்கிறாள். பாலவனத்தத்தில் பஸ் படியிலிருந்து இறங்கிய இடத்திலேயே பிடித்தார்கள். அத்தை கண்ணெதிரே, காய்ச்சல் பிள்ளை பார்க்க, முழங்காலில் அடித்தார்கள். ஒன்றும் செய்ய மாட்டோம் என்றவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வரை சோலைமலை அண்ணன் வீரர். சனிக்கிழமை துரோகி. எங்கள் தெருவுக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது!

சனிக்கிழமை மாலை கோவில் மண்டபத்தில் கூட்டம். கூப்பிட்டதும் அண்ணன் வந்தார். ஓடி ஒளிகிறவர் அப்படி வருவாரா? யாரும் யோசிக்கவில்லை.

"போன்ல கேக்குறாகன்னு ஒனக்கு எப்படிலே தெரியும்?" நாட்டாமை கேட்டார்.

"எப்படின்னு கேக்காதீக. நான் சொன்னது நெசமாப் போச்சா இல்லையா?"

"கேட்டுச் சொன்னது யாரு?"

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"வெளியாளுக்கு நம்ம பாஷை எப்படிப் புரியும்?" என்றார் நூல்கடைக்காரர். அத்தை என் கையைப் பிடித்து உலுக்கினாள். "நீ அங்கதான வேலை பாக்குற. சொல்லு சரசு! யாருக்குப் புரியும்?"

எழுந்து நின்றேன். மண்டபம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது.

"அவருக்கு நம்ம பாஷை தெரியும்" என்றேன்.

பாருங்கள்... இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு சொல் பொய் இல்லை! உண்மையையே சொல்லி ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அப்போதும் சிலர் நம்பவில்லை. பின்னாலிருந்து எவனோ அண்ணனின் தாயைக் குறித்துக் கன்னடத்தில் ஒரு வசவை வீசினான். உங்களிடம்கூடச் சொல்லக் கூசும் வசவு. அண்ணனின் முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாருங்க, பாருங்க! புரியுது அவனுக்கு!"

அவ்வளவுதான். சட்டையைப் பிடித்தார்கள். அடித்தார்கள். அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். அவர் எங்கள் தெரு ஆளில்லை, எங்கள் சாதியில்லை, கேட்க நாதியில்லை. அதனால் எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. எனக்கு இன்னும் சுலபம். நான் எதுவுமே செய்யவில்லையே, சும்மாத்தானே நின்றேன்!

இன்னும் கேளுங்கள். எச்சரித்தது சோலைமலைதான் என்று போலீஸுக்குப் போய்ச் சொன்னதும் எங்கள் தெரு ஆள்தான். ஆபீஸ் ரகசியத்தை வெளியிட்ட துரோகி என்று சர்க்கார் அவரை வேலையை விட்டுத் துரத்தியது. போலீஸுக்கு உளவு சொன்ன துரோகி என்று தெரு தூற்றியது. இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று அருப்புக்கோட்டையில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? எனக்குத் தோன்றியது. பேசாமல் இருந்தேன். என் வேலை நிரந்தரமாயிற்று.

மறுவருஷம் அவசரநிலை போயிற்று. மாமா ஒரு காலை இழுத்துக்கொண்டு சிறையிலிருந்து வெளியே வந்தார். மாலை போட்டார்கள். மேடையில் பேசிய ஒவ்வொருவரும் காட்டிக் கொடுத்தவனைச் சபித்தார்கள். நானும் கை தட்டினேன்.

அதன் பிறகுதான் ஒருநாள் பரளச்சிக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் புகை. அவருடைய அம்மா, அந்த வசவுக்கு உரியவள், என் மகனோடு வேலை பார்த்த பிள்ளையா என்று சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். எப்படிக் குடித்தேனோ!

"அன்னைக்கு ஏண்ணே என் பேரச் சொல்லல?"

அவர் மூட்டத்தில் புகை கசிந்த இடத்தை மண்ணால் அடைத்துக்கொண்டே சொன்னார்: "நீயே சொல்லிருவேன்னுதான் நின்னேன் தங்கச்சி. நீ எந்திரிச்சப்போ, அப்பாடா, புள்ள சொல்லப் போகுதுன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிருங்கண்ணே... நான் இப்பப் போய்த் தெருவுல சொல்லிர்றேன்."

"சொல்லு. சொல்லிட்டு வா. அப்பொறம் மன்னிக்கிறதப் பத்திப் பேசுவோம்." அடுத்த கசிவுக்கு மண் அள்ளிக்கொண்டே, "பஸ்ஸு போயிரும், கெளம்பு" என்றார்.

வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தெருமுனையில் இறங்கினேன். அத்தை எதிரே வந்து, என்னம்மா வெயிலில் வருகிறாய் என்று கேட்டாள். சும்மாத்தான் அத்தை என்றேன். அது போய் இரண்டு வருஷம் ஆகிறது... பரளச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வாரம் போர்டில் நூல்கடை விளக்கு எரிந்தது. எடுத்தேன். வீரபத்திர மாமா.

"யாரு, சரசுவா?"

"ஆமா மாமா."

"நல்ல வேள, நீ இருக்க! வேற ஆளா இருந்தா போன வச்சிருப்பேன். அந்தத் துரோகிப் பயலுக்கப்புறம் இந்த ஆபீஸுல எனக்கு ஒன்னத் தவிர எவரு மேலயும் நம்பிக்கை இல்லம்மா. சேலத்துக்கு ஒரு லைன் போடு."

போட்டேன். மாமா எங்கள் பாஷையில் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்.